டாக்டர் சீட்டில் உள்ள சுருக்கங்கள்: எழுத்தைவிட அது இருக்கும் இடம் முக்கியம்

"டேப். ஓஃப்லாக்சசின் ஓ.டி. 400 எம்.ஜி. ஓ.டி. × 5 நாள்."

மருந்துச் சீட்டில் இப்படி ஒரு வரி வந்தால், அதிலுள்ள இரண்டு ஓ.டி.யும் ஒன்றல்ல. முதல் ஓ.டி. மாத்திரையின் வகையைச் சொல்கிறது: மருந்தை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்படி தயாரித்த மாத்திரை. இரண்டாவது ஓ.டி. வேளையைச் சொல்கிறது: தினம் ஒரு தடவை. இதே மருந்து கண்ணுக்கான சொட்டு மருந்தாகவும் விற்கிறது. கண் மருத்துவர் சொட்டு மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓ.டி. என்று எழுதினால் அது வலது கண். அவசரப் பிரிவுக் குறிப்பில் அதே இரண்டு எழுத்து வந்தால், அளவுக்கு மீறி மருந்து விழுங்கியவர் என்று பொருள்.

ஆகவே ஒரு சுருக்கத்தை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்து இணையத்தில் தேடினால் நாலு விடை வரும். நாலும் சரியாகவே இருக்கும். உங்கள் சீட்டுக்கு எது பொருந்தும் என்பதை அந்த எழுத்து சொல்லாது. வரியில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் சொல்லும். அந்த இடங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், கோழிக் கிறுக்கலாக இருக்கும் சீட்டில்கூடப் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

ஒரு வரியில் ஐந்து இடங்கள்

சீட்டின் மேல் இடது ஓரத்தில் ஆர்.எக்ஸ். குறி இருக்கும். 'எடுத்துக்கொள்' என்ற லத்தீன் கட்டளையின் சுருக்கம் அது. அதற்குக் கீழே ஒவ்வொரு மருந்தும் ஒரு வரி. எந்த டாக்டர் எழுதினாலும் வரிசை பெரும்பாலும் இதுதான்:

1. வடிவம். டேப். அல்லது வெறும் டி. என்றால் மாத்திரை. கேப். என்றால் கேப்ஸ்யூல். சிர். என்றால் சிரப். இன்ஜ். என்றால் ஊசி. எல்/ஏ என்றால் மேலே தடவுவது.
2. பெயரும் அதன் வாலும். எஸ்.ஆர்., டி.எஸ்., ஃபோர்ட் போன்றவை பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். இவை வேளையைக் குறிப்பவை அல்ல.
3. வலு. எம்.ஜி. என்றால் மில்லிகிராம், எம்.சி.ஜி. என்றால் மைக்ரோகிராம், ஐ.யு. என்றால் சர்வதேச யூனிட்.
4. வேளை. ஓ.டி., பி.டி., டி.டி.எஸ். அல்லது 1-0-1.
5. எத்தனை நாள். × 5டி, × 1 வாரம் என்பது போல.

முதல் இடத்திலேயே ஒரு பொறி உண்டு. இ/டி என்று எழுதினால் கண் சொட்டு மருந்தா, காது சொட்டு மருந்தா? இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. கண்ணுக்கான சொட்டு மருந்து கிருமி நீக்கித் தயாராவது. அதைக் காதில் விடச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. காதுக்கானதைக் கண்ணில் விடவே கூடாது. சீட்டில் இ/டி மட்டும் இருந்தால், குப்பியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

எல்.ஏ.வும் இதே கதை. வரியின் தொடக்கத்தில் வந்தால் தடவும் மருந்து. புரோப்ரனலால் போன்ற மாத்திரையின் பெயருக்குப் பின் வந்தால், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை.

வேளையைச் சொல்லும் எழுத்துகள்

பிரிட்டிஷ் மருத்துவப் படிப்பு வழியாக வந்த லத்தீன் சுருக்கங்கள்தாம் இங்கே இன்னும் புழக்கத்தில் உள்ளன.

- ஓ.டி.: தினம் ஒரு வேளை
- பி.டி. அல்லது பி.ஐ.டி.: இரண்டு வேளை
- டி.டி.எஸ். அல்லது டி.ஐ.டி.: மூன்று வேளை
- கியூ.ஐ.டி.: நான்கு வேளை
- எச்.எஸ்.: இரவு படுக்கப்போகும்போது
- ஏ.சி.: சாப்பாட்டுக்கு முன், பி.சி.: சாப்பாட்டுக்குப் பின்
- எஸ்.ஓ.எஸ். அல்லது பி.ஆர்.என்.: தேவைப்பட்டால் மட்டும்
- ஸ்டாட்: உடனே, ஒரே ஒரு தடவை

டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து சம்பளச் சீட்டில் பிடித்தம் செய்த வரி, ஆர்.ஓ. தண்ணீர் மெஷினில் கரைந்திருக்கும் உப்பின் அளவு; இங்கே மூன்று வேளை. இதில் யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் தாள் வேறு. குழப்பம் வருவது ஒரே தாளுக்குள் ஒரே எழுத்து இடம் மாறும்போதுதான்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சீட்டோடு திரும்பும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தினம் ஒரு வேளைக்கு கியூ.டி. என்று எழுதும் வழக்கம் இருந்தது. நடுவில் ஒரு புள்ளி பெரிதாக விழுந்தால் அது கியூ.ஐ.டி. ஆகி, ஒரு வேளை மருந்து நாலு வேளை ஆகிவிடும். அங்கே மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் கொண்டுவந்த 'எழுதக் கூடாத சுருக்கங்கள்' பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

வேளை என்பதும் மணிக்கணக்கு என்பதும் ஒன்றல்ல. டி.டி.எஸ். என்றால் காலை, மதியம், இரவு என்று சாப்பாட்டோடு சேர்த்துப் போடுவது வழக்கம். காலை 8, மதியம் 1, இரவு 9 என்று வைத்தால், இரவிலிருந்து மறுநாள் காலைவரை 11 மணி நேர இடைவெளி விழுகிறது. வைட்டமினுக்கு இது பொருட்டல்ல. சில ஆன்டிபயாடிக்குகளுக்குப் பொருட்டு. அவற்றுக்கு டாக்டர் கியூ8எச் என்று எழுதியிருந்தால், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பொருள். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துப் போட வேண்டும்.

ஏ.சி. என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. தைராய்டு மாத்திரை உணவோடும், டீ காபியோடும் சேர்ந்தால் சரியாக உடலில் சேராது. அதனால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். பான்டோபிரசோல் போன்ற அமில மாத்திரை, சாப்பாடு வந்து வயிறு அமிலம் சுரக்கத் தொடங்கும்போது இரத்தத்தில் தயாராக இருந்தால்தான் முழுப் பலன் தரும். அதனால் அரை மணி நேரம் முன்பு. வலி மாத்திரைக்கு பி.சி. போடுவது வயிற்றை உத்தேசித்து.

எஸ்.ஓ.எஸ். என்று கண்டதும் ஆபத்து என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கப்பல் மூழ்கும்போது அனுப்பும் எஸ்.ஓ.எஸ்.ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இந்தச் சுருக்கம் பாதி தகவலைத்தான் தருகிறது. எதற்கு (காய்ச்சலுக்கா, வலிக்கா), அடுத்ததற்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை: இந்த மூன்றும் இல்லாத எஸ்.ஓ.எஸ். முடியாத வாக்கியம். டாக்டரின் அறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

1-0-1 எளிது, ஆனால்

லத்தீன் எழுத்துகளைவிட 1-0-1 எழுதும் முறை எவ்வளவோ மேல். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். எல்லா டாக்டர்களும் இதற்கே மாறிவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. இதிலும் சில இடங்களில் கால் இடறும்.

1. நான்கு எண்கள் இருந்தால் காலை, மதியம், மாலை, இரவு. 1-0-0-1 என்பதை மூன்று வேளைக் கணக்காகப் படித்தால் கடைசி எண் தொங்கிக்கொண்டு நிற்கும்.
2. எண் மாத்திரையின் எண்ணிக்கை; மில்லிகிராம் அல்ல. சிரப்பில் 5-0-5 என்றால் மில்லிலிட்டர்.
3. இன்சுலினில் அந்த எண் யூனிட். இங்கேதான் நெரிசல். "மிக்ஸ்டார்ட் 30/70 40 ஐ.யு. 20-0-10" என்ற ஒரே வரிக்குள் மூன்று வகை எண்கள். 30/70 என்பது விரைவாக வேலை செய்யும் இன்சுலின் 30 விழுக்காடு, மெதுவாக வேலை செய்வது 70 விழுக்காடு என்ற கலவை. 40 என்பது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் என்ற செறிவு. காலையில் போட வேண்டியது 20, இரவில் 10. முன்னே நிற்கும் 30-ஐயோ 40-ஐயோ அளவாக எடுத்துக்கொண்டால் சர்க்கரை தாறுமாறாக இறங்கும்.
4. நாள் கணக்கைச் சில டாக்டர்கள் பின்னமாக எழுதுவார்கள். 5/7 என்றால் ஐந்து நாள். 2/52 என்றால் இரண்டு வாரம். 1/12 என்றால் ஒரு மாதம். வாரத்துக்கு 7 நாள், வருடத்துக்கு 52 வாரம், 12 மாதம் என்ற கணக்கில் கீழே உள்ள எண் அலகைக் காட்டுகிறது. 5/7-ஐ 'வாரத்தில் ஐந்து நாள்' என்றோ 'ஏழாம் தேதி' என்றோ படிக்கக் கூடாது.

பெயரின் வால்

மருந்துப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகளில் இரண்டு வகை. ஒன்று, மருந்து எப்படி வெளியே வருகிறது என்பதைச் சொல்வது. மற்றொன்று, கூட வேறென்ன மருந்து சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்வது.

முதல் வகை: எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., ஓ.டி. இவை எல்லாம் மருந்தை மெதுவாக விடும் மாத்திரைகள். இவற்றைப் பொடியாக்கக் கூடாது, மெல்லக் கூடாது. 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் சிறுகச் சிறுக வர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கிவிடும். மெதுவாக விடும் நிஃபெடிபின் ரிடார்டு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று சரியும். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கும் முதியவர்களுக்கு வீட்டில் மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கும்போது இந்தத் தவறு நடக்க நிறைய வாய்ப்பு. விதிவிலக்கும் உண்டு: மெட்டோபுரோலால் சக்சினேட் மாத்திரையில் நடுக்கோடு இருந்தால் இரண்டாக உடைக்கலாம், ஆனால் அதையும் பொடிக்கக் கூடாது. மெட்ஃபார்மின் எஸ்.ஆர். வகைகள் சிலவற்றில் மருந்து கரைந்து வெளியேறிய பிறகு வெறும் கூடு மலத்தோடு அப்படியே வரும். மாத்திரை வேலையே செய்யவில்லை என்று அதைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம்.

டி.டி. என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, குழந்தைகளுக்கு வசதி. எம்.டி. என்றால் நாக்கில் வைத்ததும் கரைவது. ஈ.சி. என்றால் வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்டது. இதையும் பொடிக்கக் கூடாது.

இரண்டாம் வகையில்தான் ஒழுங்கே கிடையாது. இந்த எழுத்துகளை நிறுவனங்கள் தங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்கின்றன.

- டி என்ற ஒற்றை எழுத்து அமில மாத்திரையில் வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன். இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். சளி மாத்திரையில் மூக்கடைப்பு நீக்கும் மருந்து.
- எம்.ஆர். சர்க்கரைக்கான கிளிக்ளசைடில் மெதுவாக விடும் வகை. வலி மாத்திரையில் தசையைத் தளர்த்தும் மருந்து சேர்ந்தது. தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது.
- ஏ.எம். இரத்த அழுத்த மாத்திரையில் ஆம்லோடிபின். எச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. ஏ.எம். மாத்திரை சாப்பிடுகிறவர் வேறொரு டாக்டரிடம் போய்த் தனியாக ஆம்லோடிபின் வாங்கி வந்தால் ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகும். கால் வீக்கம், தலைசுற்றல் அதன் அடையாளம்.
- சி.வி. ஆன்டிபயாடிக்கில் கிளாவுலானிக் அமிலம்.
- பி பெரும்பாலும் பாராசிட்டமால்.

கடைசி எழுத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 மூன்று வேளை: 1,950 மில்லிகிராம். முதுகு வலிக்கு அசிக்ளோஃபெனக்-பி இரண்டு வேளை. அதில் ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 325: 650 மில்லிகிராம். கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை மூன்று வேளை; பலவற்றில் பாராசிட்டமால் 500 இருக்கும்: 1,500. மொத்தம் 4,100. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4,000 மில்லிகிராம். கல்லீரல் பழுதானவர்களுக்கும், தினம் குடிப்பவர்களுக்கும், எடை குறைந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மூன்று மாத்திரையும் மூன்று பெயர், மூன்று நிறம். உள்ளே ஒன்றே ஒன்று என்பதைக் காட்டுவது அட்டையின் பின்புறம் உள்ள சிறிய எழுத்துதான்.

குழந்தைகளின் சிரப்பில் டி.எஸ். என்றால் இரட்டை வலு. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருந்தால், டி.எஸ். சிரப்பில் 250. சிறு குழந்தைகளுக்கான டிராப்ஸ் இன்னும் கெட்டி: 1 மில்லியிலேயே 100. சிரப் இல்லையென்று டிராப்ஸைக் கொடுத்து, பழைய வழக்கப்படி 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். ஆகவே மில்லிலிட்டர் மட்டும் எழுதிய சீட்டு போதாது. 5 மில்லியில் எவ்வளவு என்பதும் வேண்டும். வீட்டு ஸ்பூனால் அளக்கவும் வேண்டாம். டீ ஸ்பூன் 5 மில்லி, டேபிள் ஸ்பூன் 15 மில்லி; சீட்டில் இரண்டின் சுருக்கத்துக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம்.

உயிருக்கே உலை வைக்கும் நாலு சுருக்கங்கள்

1. யூனிட்டுக்கு யு. 10 என்று எழுதி அதை ஒட்டியே யு போட்டால், யு-வின் மேல்வாய் மூடிக்கொண்டு 100 ஆகிவிடும். இன்சுலினில் பத்து மடங்கு என்பது உயிர் போகிற அளவு. ஐ.யு. என்பதோ ஐ.வி.யாக, அதாவது நரம்பில் ஏற்றும் ஊசியாகப் படிபடும். சில கையெழுத்தில் அதுவே 10 போலத் தெரியும். யூனிட் என்று முழுசாக எழுதுவதே வழி.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் சிரிஞ்சில் இருக்கிறது. நம் ஊரில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை: யு-40க்கு சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். மாற்றி, 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். சீட்டில் 20 யு என்று சரியாகவே எழுதியிருந்தாலும் இந்தத் தவறு நடக்கும். குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தபின் ஊசி குத்த வேண்டும்.

2. எம்.சி.ஜி. மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தைராய்டு மாத்திரை 25, 50, 75, 100 என்று வருவதெல்லாம் மைக்ரோகிராம். இதை கிரேக்க 'மியூ' எழுத்தால் எழுதினால் அவசரக் கையில் எம்.ஜி. ஆகிவிடும். மாத்திரையில் அந்தத் தவறு எளிதில் அகப்பட்டுவிடும், ஆயிரம் மாத்திரையை யாரும் விழுங்கப்போவதில்லை. ஊசி மருந்திலும் குழந்தைகளுக்கான திரவ மருந்திலும் அகப்படாது.

3. புள்ளி. .5 என்று முன்னால் சுழியம் இல்லாமல் எழுதினால், புள்ளி மங்கிப்போய் 5 ஆகிவிடும். 1.0 என்று பின்னால் தேவையில்லாத சுழியம் போட்டால் 10 ஆகும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் அசினோகூமரால் போன்ற மருந்தில் 1-க்கும் 10-க்கும் நடுவே மூளையில் இரத்தக் கசிவு காத்திருக்கிறது. 0.5 என்றும் 1 என்றும் எழுதுவதே சரி. புள்ளியே வேண்டாமென்றால் 0.5 மில்லிகிராமை 500 மைக்ரோகிராம் என்றும் எழுதலாம்.

4. வாரம் ஒரு தடவை. இதற்குப் பரவலாகப் புரியும் சுருக்கம் எதுவும் இல்லை என்பதுதான் கோளாறு. ஓ.டபிள்யூ. என்று எழுதினால் பழக்க தோஷத்தில் ஓ.டி. என்றே கண் படிக்கும்.

மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் தரப்படுவது. தினமும் சாப்பிட்டு இறந்துபோனவர்கள் பல நாடுகளில் உண்டு. எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். முதலில் வாய் முழுக்கப் புண், பிறகு காய்ச்சல், பிறகு தொற்று. இதன் பக்கவிளைவைக் குறைக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் எழுதுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகளாக இருக்கும் என்பதால் மாறிப்போக நல்ல வாய்ப்பு. சீட்டில் கிழமையின் பெயரை முழுதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். திங்கள்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அதன் ஆங்கிலச் சுருக்கம் 'காலை' என்பதன் சுருக்கத்தைப் போலவே தெரியும்.

வைட்டமின் டி-யும் இந்த வகையே. 60கே என்று எழுதினால் 60,000 யூனிட். வாரம் ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம். சத்து மாத்திரைதானே என்று தினம் ஒன்று போட்டு, கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

அட்டையில் அச்சிட்டவை

ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தரநூலின்படி தயாரானது; பி.பி. பிரிட்டிஷ், யு.எஸ்.பி. அமெரிக்கத் தரநூல். மருத்துவமனையில் ஐ.பி. என்றால் உள்நோயாளி, பி.பி. என்றால் இரத்த அழுத்தம். மறுபடியும் இடம்.

அட்டையில் ஆர்.எக்ஸ். குறியும் இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடும் இருந்தால் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. என்.ஆர்.எக்ஸ். என்றால் போதை, மனநல மருந்துச் சட்டத்துக்குள் வருவது. எச்1 அட்டவணை, அதாவது விற்பனையைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலுள்ள மருந்தை யாருக்கு விற்றோம் என்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்ப். பக்கத்தில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை செல்லும். கண் சொட்டு மருந்துக்கு இந்தத் தேதி பொருந்துவது மூடியைத் திறக்கும்வரைதான். திறந்த பிறகு பெரும்பாலானவை ஒரு மாதத்தோடு சரி.

டிஸ்சார்ஜ் சம்மரி

இங்கே மருந்துத் தவறைவிட வீண் பயமே அதிகம்.

டி.ஓ.ஏ. என்று முதல் பக்கத்தில் இருக்கும். 'வரும்போதே உயிரில்லை' என்பதற்கும் இதே சுருக்கம் என்பதால் இணையத்தில் தேடியவர் பதறிப்போவார். சம்மரியில் அது சேர்த்த தேதி, டி.ஓ.டி. அனுப்பிய தேதி, டி.ஓ.எஸ். அறுவை நடந்த தேதி.

சி/ஓ என்றால் நோயாளி சொன்ன தொந்தரவு. எச்/ஓ என்றால் முன்பு இருந்தது. கே/சி/ஓ என்றால் ஏற்கெனவே தெரிந்த நோய், "கே/சி/ஓ டி2டிஎம், எஸ்.எச்.டி.என்." என்ற வரி சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முன்பே உண்டு என்கிறது. காப்பீடு எடுத்தவர்கள் இந்த மூன்றெழுத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். முதல் தடவையாகக் கண்டுபிடித்த சர்க்கரையைப் பழக்கத்தில் கே/சி/ஓ என்று எழுதிவிட்டால், பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்று கேள்வி எழும். தவறு இருந்தால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குவது எளிது, பிறகு அலைச்சல்.

ஆர்/ஓ என்பது கண்டுபிடித்த நோயல்ல. இல்லையென்று உறுதிசெய்ய வேண்டியது. "ஆர்/ஓ சி.ஏ." என்று ஸ்கேன் சீட்டில் இருந்தால் புற்றுநோய் இல்லை என்று தெளிவுபடுத்தப் பார்க்கிறார்கள் என்பதே பொருள். நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இருந்தாலும் அப்படியே, சந்தேகம் மட்டும். என்.ஏ.டி. என்றால் குறையொன்றும் தென்படவில்லை. எலும்பின் பெயருக்குப் பக்கத்தில் # குறி என்றால் முறிவு. எம்.எல்.சி. என்றால் விபத்து, அடிதடி, விஷம் போலக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியது. தமிழ்நாட்டில் அதற்கான பதிவின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம், விபத்து இழப்பீட்டு வழக்குக்கு அது தேவைப்படும். லாமா அல்லது டாமா என்றால் டாக்டர் பேச்சை மீறி நோயாளி கிளம்பிவிட்டார் என்று பதிவு. வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னது அந்த மருத்துவமனையே என்றால், அந்த வார்த்தை இருக்கும் தாளில் கையெழுத்துப் போடுமுன் ரெஃபரல் கடிதம் கேளுங்கள்.

கடைப் படியிறங்கும் முன்

மருத்துவர்கள் மருந்துகளை மூலப்பெயரில், படிக்கும்படியாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. அது பெயரைப் பற்றியது. வேளைச் சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ஆகவே சோதனை நம் கையில்.

1. எண்ணுங்கள். 1-0-1, ஐந்து நாள் என்றால் பத்து மாத்திரை. கடைக்காரர் பதினைந்து தந்தால் பி.டி.யை அவர் டி.டி.எஸ். என்று படித்திருக்கிறார், ஐந்து தந்தால் ஓ.டி. என்று. கையெழுத்து புரியாவிட்டாலும் இந்தக் கணக்கு தவறைக் காட்டிக்கொடுக்கும். மெத்தோட்ரெக்சேட் ஒரு மாதத்துக்கு முப்பது தந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.
2. வாலை ஒப்பிடுங்கள். சீட்டில் எஸ்.ஆர். இருந்தால் அட்டையிலும் அதே இருக்க வேண்டும். "அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்று வேறு தந்தால், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், மெதுவாக விடும் வகையா என்ற மூன்றையும் பின்புறச் சிறிய எழுத்தில் பாருங்கள்.
3. ஒரே மருந்து இரண்டு அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாராசிட்டமால், ஆம்லோடிபின், மெட்ஃபார்மின் மூன்றும் அடிக்கடி இப்படி வரும்.
4. அட்டையிலேயே தமிழில் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் பேனாவால் போடும் இரண்டு கோடுகள் வீட்டுக்குப் போவதற்குள் அழிந்துவிடும். 'காலை, இரவு, சாப்பிட்ட பின்' என்று உறையின் மேல் எழுதி, வாரம் ஒன்று என்றால் கிழமையையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்.
5. அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரம் கடைசிவரை மிஞ்சும்படி மறுபக்கத்திலிருந்து வெட்டித் தரக் கேளுங்கள். நாலு மாத்திரை மட்டும் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெயரில்லாத துண்டுதான் கைக்கு வரும். அப்படி வந்தால் முழு அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். வாந்தியோ அரிப்போ வந்து ராத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடினால், அங்கே முதலில் கேட்பது என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்றுதான்.